டூர் போற ஊர்ல நோய் நியூஸ் வந்தா புக்கிங் என்ன ஆகும், நாம என்ன பண்ணணும்

ஹோம்ஸ்டே வெச்சிருக்கவங்க, சின்ன லாட்ஜ் நடத்துறவங்க, டிராவல்ஸ்காரங்க, டெம்போ டிராவலர் ஓட்டுறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். பெரிய ஹோட்டல்ல இதுக்குன்னே சம்பளம் வாங்குற ஆளு இருப்பாரு, நமக்கு நாமதான். நான் கோயம்புத்தூர்ல இருந்து வயநாடு, கோழிக்கோடு, மூணாறு பக்கம் குரூப் அனுப்புற வேலையில இருக்கேன், அதனால உதாரணமெல்லாம் பெரும்பாலும் நிபா (பழந்தின்னி வௌவால்கிட்ட இருந்து ஆளுங்களுக்குத் தொத்துற வைரஸ் காய்ச்சல்) வந்த வட கேரளாவைச் சுத்தியே இருக்கும், ஆனா டெங்கு, மஞ்சகாமாலை எது வந்தாலும் ஆளுங்க நடந்துக்கிற விதம் கிட்டத்தட்ட இதேதான், அளவுதான் கூடும் குறையும்.

முதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. நம்ம ஊர் டூரிஸ்ட் டூரை அவ்ளோ சுலபமா விடமாட்டான். லீவு போட்டாச்சு, குழந்தைங்ககிட்ட சொல்லியாச்சு, எங்கயாவது போயே ஆகணும். அதனால இடத்தை மாத்துவாங்க, தேதியைத் தள்ளுவாங்க, மூணு நாள் பிளானை ஒரு நாளா சுருக்குவாங்க, இல்ல பெரியவங்களை வீட்டுல விட்டுட்டு சின்னவங்க மட்டும் கிளம்புவாங்க. நம்ம போன் அடிக்கலைன்னா அந்த நேரம் வேற யாரோ ஒருத்தர் போன் அடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இதைப் புரிஞ்சுக்காம "சீசன் போச்சு"ன்னு ரேட்டைப் பாதியா குறைக்கிறதுதான் நெறைய பேர் பண்றது, அது ஏன் வேலைக்கு ஆகாதுன்னு கீழ சொல்றேன்.

நியூஸ் வந்த அன்னிக்கு

ரேட்ல கைய வெக்காதீங்க, ஸ்டேட்டஸ்ல எதுவும் போடாதீங்க. அன்னிக்கு உங்க வேலை தகவல் சேக்கறது மட்டும்தான்.

என்ன நோய், எப்படிப் பரவும்னு பாருங்க, ஏன்னா புக்கிங் எவ்ளோ அடி வாங்கும்ங்கிறது அதுலதான் இருக்கு. டெங்குன்னா கொசுவத்தி எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க, பெருசா கேன்சல் ஆகாது. மஞ்சகாமாலை, வாந்திபேதின்னா தண்ணி எங்க இருந்து வருது, சாப்பாடு யாரு செய்யறதுன்னு கேப்பாங்க, பதில் சரியா இருந்தா வருவாங்க. நிபா மாதிரி ஒண்ணு வந்தா கதை வேற. அது காத்துல நாலா பக்கமும் பறந்து பரவற நோய் கிடையாது, நோயாளி பக்கத்துல நெருங்கி இருந்தவங்களுக்கும் ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டவங்களுக்கும்தான் அதிகமா வருது, கேஸும் கொஞ்சம்தான். ஆனா வந்தா 100 பேர்ல 40ல இருந்து 75 பேர் வரைக்கும் இறந்துடறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. 2018 மே மாசம் கோழிக்கோடு, மலப்புறத்துல 17 பேர் போனாங்க, பேராம்ப்ரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி இறந்த செய்தியைப் படிச்சு அழுகாதவங்க கம்மி. அந்த மாதிரி செய்தி படிச்ச வீட்டுல "சான்ஸ் ரொம்ப கம்மி சார்"ன்னு நீங்க சொல்றது எடுபடாது. ஆளுங்க எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு பாக்கறதில்ல, வந்தா பொழைப்போமான்னுதான் பாக்கறாங்க.

அடுத்து, புக்கிங் விழுறது பயத்தாலயா, உத்தரவாலயான்னு பிரிச்சுக்கங்க. இது ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறவங்கதான் அதிகம். கலெக்டர் தடை போட்டு மூடினா ஆசை அப்படியே இருக்கும், கதவுதான் சாத்தியிருக்கு, திறந்த அன்னிக்கே கூட்டம் வரும். 2020 கார்த்திகையில சபரிமலைக்கு ஆரம்பத்துல வார நாள்ல 1000 பேர்தான்னு வெச்சாங்களே, அன்னிக்கு வந்த எண்ணிக்கையை வெச்சு "பக்தர்களுக்கு ஆர்வம் கொறஞ்சுடுச்சு"ன்னு எவனாவது சொல்ல முடியுமா? பயத்தால விழுந்ததுன்னா கதவு திறந்தே இருந்தும் ஆள் வரமாட்டான், திரும்பி வர்றதும் மெதுவாத்தான்.

மூணாவது, எந்த ஜில்லா இல்ல, எந்தப் பஞ்சாயத்து எந்த வார்டுன்னு பாருங்க. 2023 செப்டம்பர்ல கோழிக்கோட்டுல திரும்ப வந்தப்ப 6 பேருக்கு வந்து 2 பேர் இறந்தாங்க, மருதோங்கரை, ஆயஞ்சேரி மாதிரி சில பஞ்சாயத்து வார்டுங்களைத்தான் அடைச்சாங்க. டிவில வந்தது "கேரளாவில் நிபா".

பயம் போடுற மேப்

இதைத் தனியா சொல்லணும். கோழிக்கோட்டுல கேஸ்னு கேட்டதும் ஆலப்புழா போட்ஹவுஸ் புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டு அதே ஆளு ஊட்டிக்கு ரூம் கேப்பாரு. கோழிக்கோட்டுல இருந்து ஆலப்புழா 200 கிலோமீட்டருக்கு மேல, ஊட்டி சுமார் 150தான். நோய்க்குப் பக்கத்துல வந்து பாதுகாப்பா இருக்கார், கேட்டா "கேரளா வேண்டாம் சார்" அப்படிம்பாரு. நோயைக் கொண்டு வர்ற வௌவாலுக்கு கேரளா பார்டர்ல இருக்கற நாடுகாணி செக்போஸ்ட்ல பாஸ் தேவையில்லன்னு அவருக்கு யாரு சொல்றது. பயம் கிலோமீட்டர் கணக்குல பரவாது, பேரு கணக்குலதான் பரவும். மாநிலத்து பேரு அடிபட்டா மாநிலம் முழுக்க அடிபடும்.

அரசாங்கமே சில சமயம் இந்த மேப்பைப் பெருசாக்கிடும். 2018ல கேரளா சுகாதாரத்துறை விட்ட அறிவிப்புல எங்க வேணா தாராளமா வரலாம், ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னா கோழிக்கோடு, மலப்புறம், வயநாடு, கண்ணூர் நாலையும் தவிர்த்துக்கலாம்னு சொன்னாங்க. நோயாளிங்க இருந்தது முதல் ரெண்டு ஜில்லாவுல. சுகாதாரத்துறை பக்கம் இருந்து பாத்தா நியாயமான முன்னெச்சரிக்கைதான், தப்பு சொல்ல மாட்டேன், ஆனா மே மாச லீவு கூட்டத்தை நம்பி இருந்த வயநாட்டுக்காரனுக்கு அந்த ஒத்தை வரி போதும். அதனால அறிவிப்பு வந்தா நியூஸ்ல படிக்காதீங்க, ஒரிஜினலைத் தேடி எடுங்க. அதுல உங்க ஊர் பேரு இருக்கா இல்லையாங்கிறதுதான் உங்க அடுத்த ரெண்டு மாசம்.

புக்கிங் நோட்டைப் பிரிக்கிறது

ஒரு பேப்பர்ல இருக்கற புக்கிங்கை எல்லாம் எழுதி, தேதி பாத்து இல்ல, ஆளைப் பாத்து பிரிங்க. ஸ்கூல், காலேஜ் டூர் முதல்ல போயிடும், ஏன்னா அங்க ஒரே ஒரு பேரன்ட் போன் பண்ணி சத்தம் போட்டா போதும், பிரின்சிபால் ரிஸ்க் எடுக்க மாட்டாரு. கம்பெனி டீம் அவுட்டிங்கும் அப்படித்தான், முடிவெடுக்கிற ஆளு டூருக்கு வர்ற ஆளு கிடையாது, வேண்டாம்னு சொன்னா அவருக்கு நஷ்டம் எதுவும் இல்ல. கைக்குழந்தை, வயசானவங்க இருக்கற ஃபேமிலி அடுத்து. ஹனிமூன் ஜோடி யோசிப்பாங்க, இடம் மாத்துவாங்க, தேதி மாத்த மாட்டாங்க. பைக் எடுத்துக்கிட்டு வர்ற பசங்க? கூட்டம் கம்மியா இருக்கும்டானு சந்தோஷமா வருவாங்க. சொந்தக்காரங்க கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி விஷயமா வர்றவங்க கிட்டத்தட்ட கொறையவே மாட்டாங்க, இந்தப் பிரிவை நாம டூரிஸ்டாவே மதிக்கறதில்ல, ஆனா மோசமான மாசத்துல கரண்ட் பில்லு கட்டறது இவங்க காசுதான்.

இப்படிப் பிரிச்சதும் யாருக்கு முதல்ல போன் பண்ணணும்னு தானா தெரியும். ஃபேமிலிக்கு. ஸ்கூல்காரங்களைக் கெஞ்சி பிரயோஜனம் இல்ல, பசங்களுக்குப் போன் பண்ணத் தேவையில்ல, நடுவுல ஊசலாடறது ஃபேமிலிதான்.

என்ன சொல்றது

"அண்ணா, அங்க எல்லாம் ஓகேதானே?" அப்படின்னு ஒருத்தர் கேட்டா அது ஆரோக்கியத்தைப் பத்தின கேள்வி கிடையாது. வீட்டுல அம்மா ஒத்துக்கல, கேன்சல் பண்ணா காசு திரும்ப வருமாங்கிறதுதான் உள்ள இருக்கற கேள்வி. ரெண்டாவதா ஒரு பயமும் இருக்கும், வெளிய சொல்ல மாட்டாங்க: போன இடத்துல மாட்டிக்கிட்டா? கொரோனா காலத்துல கத்துக்கிட்ட பயம் இது. 2022 ஆகஸ்ட்ல சீனாவுல சான்யாங்கிற பீச் ஊர்ல திடீர்னு லாக்டவுன் போட்டு உள்ளூர் டூரிஸ்ட் சுமார் 80,000 பேர் அங்கயே நின்னுட்டாங்க, பாதி ரேட்டுக்கு ரூம் குடுக்கச் சொன்னாங்க, இருந்தாலும் மாட்டினது மாட்டினதுதான். நம்ம பக்கமும் 2023ல கேரளா பார்டர் செக்போஸ்ட்ல காய்ச்சல் செக் பண்ணாங்க, அந்த போட்டோவைப் பாத்ததும் "திரும்ப வர்றப்ப விடுவாங்களா"ன்னுதான் கேட்டாங்க.

அதனால "ஒண்ணும் இல்ல சார், மீடியா பில்டப், வாங்க"ன்னு சொல்லாதீங்க. அப்படி சொல்ற ஆளை யாரும் நம்ப மாட்டாங்க, நாளைக்கு பக்கத்துலயே ஒரு கேஸ் வந்துட்டா உங்க பேரு ஆயுசுக்கும் போச்சு. வாட்ஸ்அப்ல இப்படி ஒண்ணு அனுப்புங்க, பொது மெசேஜா இல்லாம பேரு போட்டு:

"வணக்கம் சார். நிபா நியூஸ் பாத்திருப்பீங்க. கேஸ் வந்த பஞ்சாயத்து நம்ம வீட்டுல இருந்து ரோடு வழியா இவ்ளோ கிலோமீட்டர். இன்னிக்கு காலை வரைக்கும் நம்ம தாலுகாவுல கேஸ் இல்ல, தடை எதுவும் போடல. செக்போஸ்ட்ல காய்ச்சல் இருக்கான்னு பாத்துட்டு அனுப்பறாங்க. நீங்க 23ஆம் தேதி வர்றதா இருக்கு. வந்தா சந்தோஷம். தள்ளிப் போடணும்னா அடுத்த ஆறு மாசத்துல எந்தத் தேதி வேணா எடுத்துக்கங்க, இதே ரேட். கேன்சல்தான்னா அட்வான்ஸ் ரெண்டு நாள்ல வந்துடும். நாளைக்கு சாயங்காலம் மறுபடி நிலவரம் சொல்றேன்."

இதுல முக்கியமான வரி கடைசி வரி. நாளைக்குச் சொல்றேன்னதும் பாதி பேர் இன்னிக்கு முடிவெடுக்க மாட்டாங்க. "இன்னிக்கு காலை வரைக்கும்"ங்கிற வார்த்தையையும் எடுத்துடாதீங்க, அதுதான் நீங்க பொய் சொல்லலைங்கிறதுக்கு ஆதாரம். கேஸ் உங்க தாலுகாவுக்கே வந்துடுச்சுன்னா அதையும் அதே மாதிரி சொல்லிட்டு நீங்களே தேதி மாத்திக் குடுத்துடுங்க.

தேதி எங்க தள்றது

சும்மா "அடுத்த மாசம் வாங்க"ன்னு சொல்லாதீங்க, கணக்கு இருக்கு. நிபாவுக்கு கேரளாவுல கடைசி நோயாளிக்கு அப்புறம் 42 நாள் புது கேஸ் வரலைன்னாத்தான் முடிஞ்சதா அறிவிப்பாங்க, 21 நாள் கண்காணிப்போட ரெண்டு மடங்கு அது. 2023ல கடைசி பாசிட்டிவ் செப்டம்பர் நடுவுல, முடிஞ்சதுன்னு சொன்னது அக்டோபர் கடைசியில. காலண்டர்ல எண்ணி, அந்த நாளுக்கு மேல ரெண்டு வாரம் சேத்து அங்க இருந்து தேதி குடுங்க. நடுவுல புது கேஸ் வந்தா எண்ணிக்கை திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதையும் கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

டிராவல்ஸ்காரங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. வயநாடு பிளான் போட்ட குரூப்புக்கு அதே நாள், அதே வண்டி, வால்பாறையோ ஏற்காடோ ஒரு மாத்து பிளான் ரெடியா வெச்சிருங்க. அவங்க எப்படியும் இடம் மாத்தத்தான் போறாங்க, அதை நம்ம கையால மாத்திக் குடுத்தா வண்டி சும்மா நிக்காது. ஹோம்ஸ்டேக்காரங்க வேற மலையில இருக்கற ஒரு நண்பர்கிட்ட பேசி வெச்சுக்கலாம், இந்த வருஷம் நீ என் ஆளைப் பாத்துக்க, அடுத்த தடவை நான் உன் ஆளைப் பாத்துக்கறேன்னு. நோய் நியூஸ் எல்லா ஊருக்கும் ஒரு நாள் வரும். அதனாலதான் பக்கத்து ஊர் அடி வாங்கறப்ப "எங்க ஊர்ல நிபா இல்லை, வாங்க"ன்னு போஸ்டர் போடறது எனக்குப் பிடிக்கறதில்ல, கேவலமாவும் இருக்கு, உங்க ஊர் பேரையும் அந்த நோய் பேரையும் நீங்களே சேத்து வெச்ச மாதிரியும் ஆயிடுது.

ரேட் விஷயம்

பயத்துல இருக்கறவனுக்கு 40 பர்சன்ட் ஆஃபர் போட்டா "ஓ, அவ்ளோ மோசமா இருக்கா"ன்னுதான் தோணும். ஆஃபரைப் பாத்து வர்றது யாருன்னா எப்படியும் முழு ரேட் குடுத்து வந்திருக்கக் கூடிய பைக் பசங்க. ஏற்கனவே முழுசா கட்டினவங்க வித்தியாசத்தைத் திரும்பக் கேப்பாங்க, நிலைமை சரியானதும் பழைய ரேட்டைச் சொன்னா "போன மாசம் பாதிக்குத்தானே குடுத்தீங்க" அப்படிம்பாங்க. முதல் மூணு நாலு வாரத்துக்கு ரேட் குறைச்சு ஒரு புண்ணியமும் இல்ல, அந்தக் காசுக்கு தேதி மாத்தற வசதியைக் குடுங்க, அட்வான்ஸை ஒழுங்கா திருப்பிக் குடுங்க. உத்தரவு போட்டு மூடிட்டா முழுசா திருப்பிக் குடுத்துடுங்க, அதுல வாதாடாதீங்க. ரேட் குறைக்கிற நேரம் ஒண்ணு இருக்கு, அது பயம் போய் ஆனா பழக்கம் திரும்பாம இருக்கற காலம், அப்ப வார நாளுக்கு மட்டும் கொஞ்சம் குறைக்கலாம்.

இந்த நேரத்துல செலவு பண்ண வேண்டியது வீட்டுக்குள்ள. தோட்டத்துல வௌவால் கடிச்சுப் போட்ட கொய்யா, மாம்பழம், சீதாப்பழம் கிடந்தா தினமும் காலையில கையுறை போட்டுப் பொறுக்கிப் புதைங்க, குழந்தைங்க கண்ணுல பட்டா எடுத்துக் கடிக்கும். வெல்கம் டிரிங்க்குன்னு வெட்டின பழமோ ஜூஸோ குடுக்கறதை நிறுத்திட்டு சூடா இஞ்சி டீ குடுங்க. திறந்த பானையில எறக்கின கள்ளு வாங்கிக் குடுக்கறது வேண்டவே வேண்டாம். வௌவால் தொங்குற மரத்தை வெட்டறேன், பட்டாசு போட்டு விரட்டறேன்னு யாராச்சும் கிளம்பினா தடுங்க, பயந்த வௌவால் பறந்து போய் இன்னும் நாலு தோட்டத்துல எறங்கும், அவ்ளோதான் நடக்கும்.

நம்பரைப் படிக்கிறது எப்படி

கேரளா டூரிசம் துறை மாசாமாசம் ஜில்லா வாரியா எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்கு வெளியிடுது. அதை எடுத்து போன வருஷம் அதே மாசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, போன மாசத்தோட ஒப்பிட்டா தப்பா போயிடும். அதுலயும் பண்டிகையைப் பாக்கணும். 2018ல நிபா வெளிய தெரிஞ்சது மே மூணாவது வாரம். ரம்ஜான் நோன்பு ஆரம்பிச்சது மே 17 வாக்குல, பெருநாள் ஜூன் 15. நோன்பு மாசத்துல மலபார் பக்கம் உள்ளூர் ஆளுங்க டூர் கிளம்பறது எப்பவுமே கம்மி, பகல்ல பாதி ஓட்டல் பூட்டிக் கிடக்கும். அது முடியறதுக்குள்ள ஸ்கூல் திறந்து மழையும் பிடிச்சுடும். ஆக அந்த ஒன்றரை மாசம் விழுந்ததை மொத்தமா நிபா கணக்குல எழுதினா தப்பு.

இதுக்கு நேர் எதிரா வருஷக் கணக்கு எல்லாத்தையும் மறைச்சுடும். அதே 2018ல நிபா, அப்புறம் ஆகஸ்ட்ல அவ்ளோ பெரிய வெள்ளம், இருந்தும் கேரளாவுக்கு வந்த உள்நாட்டு டூரிஸ்ட் 1.56 கோடி, 2017ல 1.46 கோடிதான். கூடியிருக்கு! மந்திரி மேடையில சொல்ல நல்லா இருக்கும், மே மாச கூட்டத்தை நம்பி லோன் எடுத்த கோழிக்கோட்டு ஆளுக்கு டிசம்பர்ல கொச்சிக்கு வந்த கூட்டத்தால என்ன லாபம்? உங்க ஜில்லா, உங்க மாசம், அதை மட்டும் பாருங்க.

கொரோனா கணக்குல இருந்து வேற ஒரு பாடம் இருக்கு. 2019ல உள்நாட்டு ஆளுங்க 1.83 கோடி, 2020ல 50 லட்சத்துக்குள்ள விழுந்துச்சு, 2022ல 1.88 கோடி, பழைய உச்சத்தையே தாண்டிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க 2019ல 11.89 லட்சம், 2022ல வெறும் 3.45 லட்சம். அதனால அடி பட்டதுக்கு அப்புறம் விளம்பரக் காசை எங்க போடணும்னு கேட்டா நான் யோசிக்காம பெங்களூர், கோவை, சென்னைனுதான் சொல்லுவேன்.

திரும்பி வர்றப்ப

முதல்ல வர்றது சொந்த கார் வெச்சிருக்க ஆளு, காலையில கிளம்பினா மத்தியானத்துக்குள்ள வந்து சேர்ற தூரம், ஒரு ராத்திரி, தனி காட்டேஜ் இருக்கான்னு கேப்பாங்க. புக்கிங் வாரக் கணக்குல முன்னாடி வராது, வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணி சனிக்கிழமைக்குக் கேப்பாங்க, காலண்டர் காலியா இருக்கேன்னு பதறி ரூமை ஏஜென்ட்டுக்கு மொத்தமா தள்ளிவிட்டுடாதீங்க. பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு பந்திப்பூர் ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் கார் விடமாட்டாங்கன்னு ஞாபகப்படுத்துங்க, புதுசா வர்ற கூட்டத்துக்கு அது தெரியாம ராத்திரி செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு நோய்க்காகத்தான் மூடிட்டாங்கன்னு வீட்டுக்கு போன் போட்டுடுவாங்க.

நிலைமை மாறிடுச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு என்கொயரி நோட்டு போதும். வர்ற ஒவ்வொரு போனுக்கும் அவங்க கேட்ட முதல் கேள்வியை எழுதுங்க. ஆரம்பத்துல "பயம் இல்லையே", அப்புறம் "ரோடு திறந்திருக்கா", அப்புறம் "கூட்டம் இருக்குமா". என்னிக்கு முதல் கேள்வியே "ஏன் சார் இவ்ளோ ரேட்டு, கொறைங்க"ன்னு வருதோ அன்னிக்கு பயம் போயிடுச்சு, விளம்பரத்தை அன்னிக்கு ஆரம்பிங்க, அதுக்கு முன்னாடி போடற காசு வீண். ஆளுங்க கூகுள்ல எதை எவ்ளோ தேடறாங்கன்னு கோடு போட்டுக் காட்டுற, ஃப்ரீயா கிடைக்கிற கூகுள் ட்ரெண்ட்ஸ்ல நோய் பேரையும் உங்க ஊர் பேரோட ரிசார்ட்னு சேத்தும் போட்டுப் பாருங்க, மொத கோடு கீழ எறங்கி ரெண்டாவது கோடு மேல ஏறுற வாரம் உங்க நோட்டோட ஒத்துப் போகுதான்னு தெரியும்.

தேதி மாத்தி வெச்சவங்களுக்கு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க போன் பண்ணுங்க, ரெண்டு மாசம் போனா அட்வான்ஸ் குடுத்ததையே மறந்துட்டு வேற ஊருக்கு புக் பண்ணிடுவாங்க. ஸ்கூல் டூரை மட்டும் அந்த வருஷக் கணக்குல இருந்தே எடுத்துடுங்க, அடுத்த கல்வி வருஷம் ஜூலையில போய் கரஸ்பாண்டன்ட்டை நேர்ல பாருங்க, போன்ல கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு.